கண்ணகியின் முதல் பேச்சு யாரிடம்? சிலம்பின் மாந்தர்களைக் காதலும் நட்பும் வளர்க்கும் விதம்: கேள்விகளும் பதில்களும்

நாடகத்திலோ கதையிலோ ஒரு பாத்திரம் எதனால் வளர்கிறது என்று கேட்டால், நம்மில் பலரும் காதலைத்தான் முதலில் சொல்வோம். நண்பனும் தோழியும் கதாநாயகருக்குத் துணைக்கு வந்து போகிறவர்கள் என்றே பழகிவிட்டோம். சிலப்பதிகாரத்தை நிதானமாக வாசித்தால் இந்தப் பழக்கம் ஆட்டம் காணும். காதல் இந்தக் காப்பியத்து மனிதர்களை வீட்டைவிட்டும் ஊரைவிட்டும் கிளப்புகிறது. அவர்கள் உள்ளுக்குள் என்னவாக மாறியிருக்கிறார்கள் என்பது நண்பர் ஒருவர் எதிரே நிற்கும்போதுதான் வெளியே வருகிறது. வாசிக்கத் தொடங்குகிறவர்களும், நாடகமாகவோ நாவலாகவோ திருப்பி எழுத நினைக்கிறவர்களும் கேட்கிற கேள்விகள் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கதைச் சுருக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வரியில் சொல்ல முடியுமா?

புகார் நகரத்து வணிகன் கோவலன், மனைவி கண்ணகியைப் பிரிந்து ஆடல்மகள் மாதவியோடு வாழ்கிறான். செல்வமெல்லாம் கரைந்தபின் திரும்பி வந்து, கண்ணகியின் சிலம்பை விற்றுப் பிழைக்க மதுரைக்குப் போய், கள்வன் என்று பழி சுமத்தப்பட்டுக் கொல்லப்படுகிறான். கண்ணகி பாண்டியன் அவையில் நீதி கேட்டு, மதுரையை எரித்து, சேரநாட்டில் தெய்வமாகிறாள். மூன்று காண்டம், முப்பது காதை. உ.வே. சாமிநாதையர் 1892-இல் அச்சில் கொண்டுவந்தார்.

முற்பாதியில் கண்ணகி வாய் திறப்பதே இல்லையே, அவளைப் பாத்திரமாகவே வளர்க்கவில்லை என்று சொல்லலாமா?

பலருக்கும் வருகிற சந்தேகம் இது. கவனித்துப் பாருங்கள்: திருமணத்தின்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது, கோவலனுக்குப் பதினாறு. மனையறம்படுத்த காதையில் கோவலன் அவளை "மாசறு பொன்னே, வலம்புரி முத்தே" என்று வாயாரப் புகழ்கிறான். பொன், முத்து, மணம், கரும்பு, தேன் என்று அடுக்கிக்கொண்டே போகிறான். அவளிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. அவன் பிரிந்து போகிறான், அப்போதும் இல்லை. அவள் துயரத்தைக் கவிஞர்தான் நமக்குச் சொல்கிறார்.

அவள் முதன்முதலாகப் பேசுவது ஒன்பதாவது காதையில், கனாத்திறம் உரைத்த காதையில். பேசுவது தோழி தேவந்தியிடம். தான் கண்ட கனவைச் சொல்கிறாள்: கணவன் கைபிடித்து அழைத்துப் போக, ஒரு பெரிய ஊருக்குள் நுழைந்தோம், அந்த ஊரார் எங்கள்மேல் தேளைப் போடுவதுபோல ஆகாத ஒரு பழியைப் போட்டார்கள், கோவலனுக்குத் தீங்கு வந்தது என்று கேட்டு நான் அரசன் முன்னால் வழக்குரைத்தேன், அரசனுக்கும் ஊருக்கும் கேடு வந்தது.

கணவன் புகழ்ந்தபோது வராத பேச்சு, தோழி உட்கார்ந்து கேட்டபோது வருகிறது. அதுவும் எப்படிப்பட்ட பேச்சு! பின்னால் மதுரையில் அவள் ஆகப்போகிற பெண் அந்தக் கனவுக்குள் முழுசாக இருக்கிறாள். பாத்திரத்தை வளர்க்கவில்லை என்ற குற்றச்சாட்டு என்னைப் பொறுத்தவரை இந்த இடத்தில் விழுந்துவிடுகிறது. எட்டுக் காதைகள் அவளைப் பேசவிடாமல் வைத்திருந்து, அந்தப் பேச்சைத் தோழிக்கென்று எடுத்துவைத்திருக்கிறார் இளங்கோ.

தேவந்தி யார்? அவளுக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்?

தேவந்தியும் கணவனால் விடப்பட்டவள். பாசண்டச் சாத்தன் என்னும் தெய்வம் மனித உருவில் அவளை மணந்து, எட்டு ஆண்டு வாழ்ந்து, "நம் கோயிலுக்கு நீ வா" என்று சொல்லிவிட்டு மறைந்துவிட்டது. அவன் தீர்த்தயாத்திரை போயிருக்கிறான் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு, அந்தக் கோயிலை வழிபட்டபடி காலம் தள்ளுகிறாள். ஆகையால் கண்ணகியின் நிலை அவளுக்குப் புரிகிறது. தன் துயரத்துக்குத் தான் கண்டுபிடித்த மருந்தையே தோழிக்கும் நீட்டுகிறாள்: காவிரி கடலோடு கலக்கும் இடத்தில் நெய்தல் கானலில் சோமகுண்டம், சூரியகுண்டம் என்று இரண்டு பொய்கைகள் உண்டு, அவற்றில் மூழ்கிக் காமவேள் கோட்டத்தைத் தொழுதால் கணவனோடு இன்புற்று வாழலாம், ஒருநாள் போய் ஆடுவோம் வா.

கண்ணகி சொன்ன பதில் ஒரே சொல்: "பீடன்று." அது நமக்குப் பெருமை தருவதில்லை என்கிறாள்.

நல்லெண்ணத்தோடு வந்த யோசனை, அதுவும் தன்னைப் போலவே காயப்பட்ட ஒருத்தியிடமிருந்து. ஏற்றுக்கொள்வதுதான் எளிது. அவள் மறுக்கிறாள். தான் எப்படிப்பட்டவள் என்பதை அவள் முதன்முதலாக வாய்விட்டுச் சொல்லும் இடம் இது. பகைவனிடம் "முடியாது" என்று சொல்ல ஆத்திரம் போதும். அன்போடு கையை நீட்டுகிறவளிடம் சொல்வதற்குத் தன்னைப் பற்றிய தெளிவு வேண்டும்.

அடுத்த கணமே பணிப்பெண் வந்து கோவலன் வாசலில் நிற்பதாகச் சொல்கிறாள். அவன் வந்து, குலம் தந்த பொருளையெல்லாம் தொலைத்துவிட்டேன், இந்த வறுமை வெட்கமாயிருக்கிறது என்கிறான். மாதவிக்குக் கொடுக்கப் பொருள் தீர்ந்துவிட்டது போலும் என்று எண்ணிய கண்ணகி, முகத்தில் புன்னகை காட்டி, "சிலம்புள, கொண்ம்" என்கிறாள். சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். இந்த விடையைச் சிலர் அடிமைத்தனம் என்று வாசிக்கிறார்கள். சற்று முன்புதான் ஒரு சடங்கை மறுத்த பெண் இவள் என்பதை மறந்துவிட்டு வாசித்தால் அப்படித்தான் தோன்றும்.

கோவலன் மாறுகிறானா, இல்லை கையில் காசில்லாமல் திரும்பினானா?

இரண்டும். திரும்பி வரும் நாளில் அவன் இன்னும் மாறவில்லை. மாதவியை அப்போதும் வஞ்சகி என்றே பழிக்கிறான். உண்மையான மாற்றம் மதுரைக்குப் போகும் வழியில் நடக்கிறது. அதை நடத்துவது ஒரு கடிதம்.

முதலில் கானல்வரி. கடற்கரையில் அவன் யாழ் மீட்டி ஒரு பெண்ணைப் பாடுகிறான். இவன் மனத்தில் வேறொருத்தி இருக்கிறாள் என்று மாதவி நினைக்கிறாள். அவளும் தன் மனத்தில் வேறொருவன் இருப்பதுபோல் பதிலுக்குப் பாடுகிறாள். அவன் அதை மெய் என்றே எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறான். இருவரில் ஒருவராவது "நீ யாரைப் பாடினாய்?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பாட்டு தொடங்குவதற்கு முன், சோர்ந்து நின்ற தோழி வசந்தமாலையின் கையிலிருந்துதான் மாதவி யாழை வாங்குகிறாள். தோழி பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். அவளை யாரும் பேசவிடவில்லை.

அன்று மாலையே மாதவி தாழம்பூ மடலில் ஒரு கடிதம் எழுதி வசந்தமாலையிடம் கொடுத்தனுப்புகிறாள். கூலக்கடைத் தெருவில் அவள் கோவலனைப் பிடித்துக் கொடுக்க, அவன் வாங்க மறுக்கிறான். ஆடல்மகள்தானே, எல்லாம் நடிப்பு என்பது அவன் பதில்.

இரண்டாவது கடிதம் காட்டுவழியில் வருகிறது. கொண்டுவருகிறவன் கௌசிகன் என்னும் அந்தணன். உருமாறிப் போயிருக்கும் கோவலனை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அதனால் அருகில் வாடியிருந்த மாதவிக்கொடியைப் பார்த்து, கோவலன் பிரிந்ததால் வருந்தும் மாதவியைப்போல நீயும் வேனிலில் வாடினாயோ என்று பேசுகிறான். நேரடியாகக் கேட்காமல் ஆளைக் கண்டுபிடிக்கும் இந்தச் சாமர்த்தியம் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் ஒன்று. கோவலன் திரும்பிப் பார்க்கிறான்.

ஓலையை வாங்குகிறான். மண்முத்திரையில் அவள் கூந்தலின் பதிவு இருக்கிறது. சேர்ந்து வாழ்ந்த நாட்களில் அவன் அறிந்த கூந்தல்நெய்யின் வாசம் அதில் வருகிறது. உடனே பிரிக்க மனம் வராமல் அப்படியே பிடித்திருக்கிறான். பிறகு படிக்கிறான். அடிகளே, உங்கள் திருவடியில் விழுகிறேன், பெற்றோருக்குப் பணிசெய்வதையும் விட்டு, குலமகளோடு இரவில் ஊரைவிட்டுப் போகும் அளவுக்கு நான் செய்த பிழை என்னவென்று தெரியாமல் நெஞ்சு தவிக்கிறது, அதைத் தீர்த்துவையுங்கள். கடிதத்தின் சாரம் இவ்வளவே.

அவள்மேல் குற்றமில்லை, எல்லாம் என் தீது என்று கோவலன் உணரும் இடம் இதுதான். உணர்ந்ததோடு நிற்கவில்லை. அந்த ஓலையின் வாசகம் தன் தாய்தந்தையரிடம் தான் சொல்ல வேண்டியதற்கும் அப்படியே பொருந்துவதைக் கண்டு, அதையே அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்கிறான். மாதவி தன் மன்னிப்புக்கு எழுதிய சொற்களால் அவன் தன் பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்கிறான். காதலித்தவள் அவனுக்குக் கடைசியாகக் கொடுத்தது, தன்னால் சொல்ல முடியாததைச் சொல்வதற்கான மொழி.

அப்படியானால் கோவலன் கெட்டது மாதவியாலா?

கோவலனிடமே கேட்போம். கொலைக்களக் காதையில், கண்ணகி கையால் சாப்பிட்டு முடித்தபின், அவளை அருகே அழைத்து மனம் திறக்கிறான். வெற்றுப் பேச்சுக்காரரோடும் பரத்தரோடும் சேர்ந்து, அற்பப் பேச்சும் பெருஞ்சிரிப்புமாகத் திரிந்து, நல்லவர்கள் சொன்னதைக் கைவிட்ட எனக்கு நற்கதி உண்டா என்று கேட்கிறான். பெற்றோர் ஏவலில் தவறினேன், உனக்கும் சிறுமை செய்தேன் என்கிறான். தன் வீழ்ச்சிக்குக் காரணம் தேடும்போது மாதவியின் பெயர் அவன் வாயில் வரவில்லை; தன் நட்பு வட்டம்தான் வருகிறது.

"நகுதற் பொருட்டன்று நட்டல்" என்று குறள் சொல்கிறது. எல்லை மீறும்போது முன்வந்து இடித்துச் சொல்வதற்கே நட்பு. சங்க அகப்பாட்டிலும் தலைவனை இடித்துரைக்க ஒரு பாங்கன் இருப்பான். குறுந்தொகையில் ஒரு தலைவன் அப்படி இடித்துச் சொல்லும் நண்பர்களை நோக்கி, வெயில் காயும் பாறையில் வைத்த வெண்ணெயைக் கையில்லாத ஊமை கண்ணாலேயே காப்பதுபோல இருக்கிறது என் நிலை என்று முறையிடுகிறான். அவனால் கேட்க முடியவில்லை; ஆனாலும் சொல்ல ஆள் இருந்தது. புகாரில் கோவலனோடு சிரித்துப் பேசியவர்களில் இடித்துச் சொன்னவர் ஒருவரையும் இளங்கோ காட்டவில்லை.

மாடலன் நண்பன்தானே, அவன் இடித்துச் சொல்லவில்லையா?

மாடலன் என்னும் அந்தணன் மிகத் தாமதமாக வருகிறான். மதுரைக்கு வெளியே, கொலைக்கு முந்திய நாளில். ஆனால் வந்தவன் செய்வது நுட்பமான காரியம். கோவலன் தன்னையே வெறுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், அவன் செய்த நல்லவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறான்: மாதவி பெற்ற மகள் மணிமேகலைக்குப் பெயர் சூட்டிய நாளில், தானம் வாங்க வந்த முதிய அந்தணனை மதயானை பிடித்துக்கொள்ள, அதன்மேல் பாய்ந்து மீட்டது, கீரியைக் கொன்ற பாவத்துக்காகக் கணவன் விட்டுப்போன பெண்ணுக்குப் பொருள் கொடுத்து அவர்களைச் சேர்த்து வைத்தது, பொய்ச்சாட்சி சொன்னவனைப் பூதம் பிடித்தபோது, அழுத தாயைக் கண்டு தன் உயிரை எடுத்துக்கொள்ளச் சொன்னது, பூதம் அதை ஏற்காதபோது அந்தக் குடும்பத்தையே பல ஆண்டுகள் தாங்கியது.

இவை நமக்கும் இங்கேதான் முதன்முறையாகத் தெரிகின்றன. அதுவரை மனைவியை விட்டுப்போனவனாக மட்டும் தெரிந்த மனிதன், நண்பன் பேசியதும் வேறொரு அளவுக்கு விரிகிறான். கோவலன் தானே இவற்றைச் சொல்லியிருந்தால் பீற்றலாக இருந்திருக்கும். கண்ணகி சொல்லியிருந்தால் மனைவியின் பரிவாகப் போயிருக்கும்.

மாதவியைக் காதல் எப்படி மாற்றியது?

அரங்கேற்றத்தில் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் பெறும் மாலையும் பெற்றவள் அவள். அந்த மாலையைக் கூனி ஒருத்தி நகரத் தெருவில் விலைகூற, வாங்கியவன் கோவலன். விலையில் தொடங்கிய உறவு அது. அவன் கொலையுண்ட செய்தி வந்ததும், தன் மகள் கணிகைக் கோலம் காணவே கூடாது என்று தாய் சித்திராபதியிடம் சொல்லி, மாதவி துறவை மேற்கொள்கிறாள்.

இதன் உச்சம் மணிமேகலைக் காப்பியத்தில் இருக்கிறது. இந்திரவிழாவுக்கு ஆட வரச்சொல்லித் தூது வரும்போது மாதவி மறுக்கிறாள். மறுக்கையில் மணிமேகலையை, காவலன் பேரூரை எரித்த மாபெரும் பத்தினியின் மகள் என்கிறாள். தன் வயிற்றில் பிறந்த பெண்ணைக் கண்ணகியின் மகளாக்கிவிடுகிறாள். இரண்டு பெண்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் காட்சி ஒன்றுகூட இல்லை. அப்படியிருந்தும் ஒருத்தி இன்னொருத்திக்கு இவ்வளவு பெரிய உறவைத் தருகிறாள். இதை நட்பு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

மணிமேகலை துறவி ஆயிற்றே, அவளுக்கு ஏது காதல்?

உண்டு, அதை அவள் மறைக்கவும் இல்லை. உவவனம் என்ற சோலையில் பளிங்கு அறைக்குள் அவள் ஒளிந்திருக்க, இளவரசன் உதயகுமரன் தேடி வருகிறான். தோழி சுதமதி அவனுக்குப் பதில் சொல்லி அனுப்புகிறாள். போகும்போது அவன் மணிமேகலையின் குலத்தை இகழ்ந்து பேசிவிட்டுப் போகிறான். அவன் போனபின் மணிமேகலை சொல்வது: இப்படியெல்லாம் இகழ்ந்தான் என்றுகூடப் பாராமல், புதியவன் ஒருவன் பின்னால் என் நெஞ்சு போய்விட்டதே, இதுதான் காமத்தின் இயல்பா அன்னாய்!

சுதமதி இதைக் கேட்கத் தகுதியானவள். புகார்க்காரி இல்லை, வெளியூரிலிருந்து விஞ்சையன் (வித்தியாதரன்) ஒருவனால் தூக்கிவரப்பட்டுப் பிறகு கைவிடப்பட்டவள். அறிவுரை சொல்லிவிடுவாளோ என்ற பயமில்லாமல் அவளிடம் மனத்தைத் திறக்கலாம். துறவு இந்தப் பெண்ணுக்குச் சும்மா வந்ததில்லை என்று நாம் நம்புவது இந்த ஒரு பேச்சினால்தான்.

ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்பதுதானே காப்பியத்தின் கொள்கை? எல்லாம் விதி என்றால் வளர்ச்சிக்கு இடமேது?

நிகழ்ச்சிகளை ஊழ் தருகிறது. கோவலன் கொலையுண்பது முற்பிறவியில் சங்கமன் என்ற வணிகனைக் கொன்ற வினை என்று மதுராபதித் தெய்வமே கண்ணகிக்குச் சொல்கிறது. ஆனால் நிகழ்ந்ததற்கு மனிதர் கொடுக்கும் பதிலை ஊழ் எழுதித் தரவில்லை. "எழுக என்றதும் எழுந்து வந்துவிட்டாயே, என்ன செய்தாய்!" என்று கோவலன் உருகும்போது கண்ணகி கொடுக்கும் பதிலைப் பாருங்கள். நீங்கள் இல்லாததால் அறவோர்க்கு அளிக்கவும் விருந்தினரை எதிர்கொள்ளவும் முடியாமல் போனது என்று தன் இழப்பைக் கணக்காகச் சொல்கிறாள். பிறகு நேராகவே, "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்" என்கிறாள். பெரியோர் போற்றாத ஒழுக்கத்தைச் செய்தீர்கள். உங்கள் சொல்லை மாற்றாத உள்ளம் உடையவள் என்பதால் எழுந்து வந்தேன். மனையறக் காட்சியில் பேச்சற்று நின்ற சிறுமி இதைச் சொல்ல வழிநடை முழுவதும் தேவைப்பட்டிருக்கிறது.

கவுந்தியடிகளையும் மாதரியையும் நட்பில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். சமணத் துறவி கவுந்தி கூடவே நடந்து வந்து, கண்ணகியை இடைக்குல மூதாட்டி மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். பின்னர் அவர் உண்ணாமல் உயிர்விடுகிறார். காப்பாற்ற முடியவில்லையே என்று மாதரி தீயில் விழுகிறாள். வயதும் சமயமும் குலமும் தாண்டிய இந்த உறவுகளுக்குத் தனிக் கட்டுரையே எழுதலாம்.

தெய்வமான பிறகு கண்ணகியிடம் மாற்றம் உண்டா?

உண்டு. கோவலனுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் ஆய்ச்சியர் நடுவே தவிப்பவள் "தோழீ, தோழீ" என்றுதான் புலம்பத் தொடங்குகிறாள். பிறகு சூரியனைக் கேட்கிறாள், ஊரைக் கேட்கிறாள், "தேரா மன்னா" என்று அரசனைக் கேட்கிறாள். தோழிக்கு மட்டும் சொன்ன கனவு அவையில் நனவாகிறது. சேரர் தலைநகரான வஞ்சியில், தேவந்தியும் மற்றவர்களும் கோயில் முன் அழுது அரற்றும்போது, தெய்வக் கண்ணகி தோன்றிச் சொல்கிறாள்: தென்னவன் தீதிலன், நான் அவன் மகள், முருகன் குன்றில் விளையாடுகிறேன், தோழிமீர், எல்லீரும் வாருங்கள். யாரை எதிர்த்து நின்றாளோ அவனுக்கே மகளாகிறாள். இந்த மன்னிப்பையும் அவள் சேரன் செங்குட்டுவனைப் பார்த்து அறிவிக்கவில்லை, தோழியரை நோக்கியே சொல்கிறாள்.

மேடைக்கு எழுதுகிறேன். இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது. எதை விடலாம்?

நான் பார்த்த வடிவங்களில் முதலில் கத்தரி விழுவது தேவந்தி மேல், அடுத்தது மாடலன் மேல். மிஞ்சுவது கணவன், மனைவி, மற்றொரு பெண் என்ற முக்கோணம். கண்ணகி திடீரென்று அவையில் வெடிப்பதாகவும் கோவலன் திடீரென்று திருந்துவதாகவும் பார்வையாளருக்குத் தோன்றுவது அதனால்தான். இந்திரவிழாவின் ஆரவாரத்தைக் குறையுங்கள், கானல்வரியில் நான்கு பாட்டு போதும். தேவந்தியின் காட்சியை முழுதாக வையுங்கள். அவள் பேசி முடித்ததும் இடைவெளி விடாமல் கோவலன் நுழையட்டும். கௌசிகன் கொடியோடு பேசுவதை நகைச்சுவையாக்கிவிடாதீர்கள். மாடலனாக நடிப்பவரை மதுரையோடு அனுப்பிவிட வேண்டாம். மூன்றாம் காண்டத்தில் செங்குட்டுவனிடம் செய்தி கொண்டுபோகிறவன் அவனே. கோவலன் செய்தியைத் தன் வாயால் கேட்டு இறந்தவர்கள் உண்டே என்று கங்கையாடப் போனவன் அவன். அந்தப் பாரத்தைச் சுமக்கத் தெரிந்த நடிகராகத் தேடுங்கள்.